ஏன் வந்துச்சுன்னு கேட்ட அக்கா

வைஃபை வந்துவிட்டது என்று லேப் முழுக்கக் கைதட்டினார்கள். அக்கா போய் அந்த மடிக்கணினியை அணைத்துவிட்டார்.

"என்ன மேடம், இப்பதான வந்துச்சு!" முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி அழாத குறையாகக் கேட்டாள்.

"வந்துச்சு. ஏன் வந்துச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து அந்த மடிக்கணினியில் என்னென்னவோ செய்துகொண்டிருந்தோம். அதில் எது பலித்தது என்று யார் கண்டது? வந்தவரைக்கும் போதும், மணியடித்ததும் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பதுதான் என் யோசனை. அக்கா மறுபடியும் அதை இயக்கினார். வைஃபை இல்லை.

"பாத்தீங்களா மேடம்?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். வைஃபை வந்தபோது அவர் முகத்தில் இல்லாத திருப்தி அது போனபோது இருந்தது.

எட்டயபுரம் தாண்டி விளாத்திகுளம் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற சின்னக் கல்லூரி அது. கம்ப்யூட்டர் துறையில் அவர் தலைவர், நான் அவருக்குக் கீழே. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மாணவிகள் முன்னால் மேடம் என்பேன், மற்ற நேரத்தில் அக்கா. அவரும் அப்படித்தான், வகுப்பில் மேடம், தனியாக இருந்தால் ஏட்டி.

சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி தனக்கு வேண்டாமென்று ஒதுக்கிய பழைய மடிக்கணினிகளை எங்கள் தாளாளர் கேட்டு வாங்கி வேனில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். எல்லாவற்றையும் துடைத்து வெறுமையாக அனுப்பியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே திறந்தும் பார்க்கலாம் என்று ஊருக்கே பொதுவாக விட்டிருக்கிற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடலாம் என்றார் அக்கா. போட்டோம். எல்லாம் நன்றாகவே ஓடின. வைஃபை மட்டும் கிடையாது. உள்ளே இருந்த வைஃபை கார்டோடு பேசத் தெரிந்த டிரைவர் என்கிற சின்ன மென்பொருள் லினக்ஸோடு சேர்ந்து வரவில்லை, தனியாக இறக்கிப் போட வேண்டும். இறக்குவதற்கு நெட் வேண்டும். நெட் வருவதற்குத்தான் அந்த டிரைவரே.

என் போனைக் கேபிளில் மாட்டி, போனில் வருகிற நெட்டை மடிக்கணினிக்குக் கொடுத்தோம். அந்த லேபில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் திண்டில் வைத்து இறக்கினோம். ஆடிக் காற்று. ஜன்னலைத் திறந்தால் புழுதி அள்ளிக்கொண்டு வந்தது, மூடினால் சிக்னல் போனது. சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் என் புருவம் நரைத்தது போலிருந்தது.

இத்தனைக்கும் பிறகு சிலதில் வைஃபை வந்தது, சிலதில் வரவில்லை. எல்லாம் ஒரே மாடல். வந்ததிலும் ஒருமுறை அணைத்துப் போட்டால் போய்விடும். போனதில் தானாக வரும். மற்ற ஆசிரியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வருகிறவரைக்கும் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டார்கள். வந்துவிட்டால் மூச்சுக் காட்டாமல் பாடத்தை முடித்தார்கள்.

அக்காவால் அது ஆகாது. மதியச் சாப்பாட்டுக்கும் வராமல் அந்த வாரம் முழுக்க லேபிலேயே கிடந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடுகிற, மடிக்கணினி தன்பாட்டுக்குச் சொல்லிக்கொள்கிற நூற்றுக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்து பக்கத்தில் வைப்பது என் வேலையாகிவிட்டது. அப்படி வைக்கப் போன ஒருநாள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஏட்டி, இங்கன பாரு. ரெண்டு டிரைவர் இருக்கு. நாம போட்டது ஒண்ணு, முன்னாலயே உள்ள கெடந்த பழசு ஒண்ணு. ரெண்டுக்கும் அந்த ஒரே கார்டுதான் வேணும். பழசு முந்திட்டுன்னா கார்டப் புடிச்சு வச்சிக்கிட்டு ஒண்ணும் செய்யாது. நம்மது முந்திட்டுன்னா வைஃபை வரும். ஒவ்வொரு தடவையும் எது முந்துதோ அதான். நாம கைதட்டுனதெல்லாம் இதுக்குத்தான்."

பழைய டிரைவர் எழும்பவே கூடாது என்று ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினார். எல்லா மடிக்கணினியிலும் எழுதினார். அதற்குப் பிறகு வைஃபை போகவேயில்லை. யாரும் கைதட்டவும் இல்லை.

சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கூடவே இருப்பவர்களுக்கு அந்தக் குணம் பெரிய அசதி. கரண்ட் போய் வந்தால் எல்லோரும் "அப்பாடா" என்பார்கள், அவர் மின்வாரியத்துக்குப் போன் போடுவார். எனக்குத் தீராத தலைவலி ஒன்று இருந்து தானாக நின்றுபோனது. சந்தோஷமாகச் சொன்னேன். "என்னத்த நிறுத்துன? காப்பியா, புளியா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று ரெண்டு நாள் என்னை விடவில்லை. யோசித்து யோசித்து எனக்கு மறுபடி தலைவலி வந்ததுதான் மிச்சம்.

அவர் போகிற சபையில் ஒரு பெண்ணுக்குக் கட்டி கரைந்துவிட்டதென்று சாட்சி சொன்னார்களாம். ஆராதனை முடிந்ததும் அக்கா போதகரிடம் போய், "கர்த்தர்தான் செஞ்சாரு, நான் இல்லைங்கல. எப்படிச் செஞ்சாருன்னு டாக்டர்ட்ட கேட்டாவளா?" என்றாராம். போதகர் நல்லவர். "நீங்க வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணுங்கம்மா" என்று மட்டும் சொன்னாராம்.

சில நேரம் அது சிரிக்கிற விஷயமாக இருக்காது. எங்கள் துறையில் ஒரு பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப்போயிருந்தது. சில மாதம் கழித்து மாப்பிள்ளை வீட்டாரே திரும்பி வந்து சம்மதம் சொன்னார்கள். ஸ்டாஃப் ரூமில் அவள் லட்டு கொடுத்தாள். அக்கா லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு வேண்டாம்னவிய இன்னைக்கு ஏன் வேணுங்குதாவ? கேட்டியா?" என்றார். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே வாடிப்போனது. கல்யாணம் நடந்தது, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவ நல்லதுக்குத்தானட்டி கேட்டேன்," என்றார் என்னிடம். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

அவர் வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எட்டயபுரத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தவர். மகள் சின்ன வகுப்பில் இருந்தபோது ஒருநாள் காலையில் கடைக்கென்று கிளம்பிப் போனவர் கடைக்குப் போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து, "நல்லா இருக்கேன், தேட வேண்டாம்" என்று ஒரே ஒரு போன். கோயம்புத்தூர்ப் பக்கம் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். இதை அக்கா தானாக ஒருபோதும் பேசியதில்லை. ஊரைக் கேள்வி கேட்கிறவரிடம் இந்த ஒன்றைக் கேட்க யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அவர் திரும்பி வந்தார்.

மறுநாள் கல்லூரியில் அக்கா பாடம் நடத்திவிட்டு வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "அவிய வந்துட்டாவ" என்றார். எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "ஒரு பையோட வந்து நிக்காவ. மகளுக்குச் சுடிதார் வாங்கியாந்திருக்காவ. அது அஞ்சாப்பு புள்ளைக்குத்தான் காணும்."

"என்னக்கா சொன்னாங்க?"

"வந்துட்டேன்னு சொன்னாவ."

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரத்தில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். போனேன். நான் மனதில் வைத்திருந்த ஆள் வேறு. இவர் மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். "வாங்க டீச்சர், வெயிலோட வந்திருக்கீங்க" என்று அவரே மோர் கொண்டுவந்து கொடுத்தார். சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்திருந்தார். சமையலும் அவர்தான். குழம்பு நன்றாக இருந்தது. மகள் அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அப்படிப் பிடித்தது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது அக்கா கேட்டார். கோபமில்லை, அழுகையில்லை. லேபில் கேட்கிற அதே குரல்.

"நீங்க ஏன் போனீங்கன்னு இன்னும் சொல்லலை."

அவர் எனக்கு அப்பளம் வைத்துக்கொண்டிருந்தார். "வந்துட்டேன்ல, விடேன்" என்று சிரித்தார்.

"ஏன் வந்தீங்கன்னும் சொல்லலை."

"அம்மா, போதும்மா," என்றாள் மகள். அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அது முதல்முறை கேட்ட கேள்வி அல்ல, நாளைக்கும் கேட்பார் என்பது அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரிந்தது.

கொஞ்ச நாளில் அக்காவின் அண்ணன் புதூரிலிருந்து கல்லூரிக்கே வந்துவிட்டார். கம்பும் மிளகாயும் போடுகிற சம்சாரி. தங்கை வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, வேப்பமரத்தடியில் என்னை நிறுத்திப் பேசினார்.

"டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க. போனவன் வந்துட்டான். குடிக்கல, அடிக்கல. புள்ள மொகத்துல சிரிப்பு வந்திருக்கு. இவ என்னடான்னா தெனமும் ஏன் போன ஏன் வந்தன்னு கேக்கா. இப்படிக் கேட்டா மனுசன் எப்படி இருப்பான்?"

"நீங்க கேட்டீங்களாண்ணாச்சி, அவர்ட்ட?"

"நான் எதுக்குக் கேக்கணும்? வந்துட்டான்லா!"

அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நாள் கேட்காமல் இருந்து பாருங்களேன் என்றேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடி வைத்தார்.

"ஏட்டி, அவிய போன அன்னைக்குக் காலைலயும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இட்லி சாப்புட்டாவ. மகளுக்குச் சடை பின்னி விட்டாவ. நான் ஒண்ணும் கவனிக்கல. இப்பவும் நல்லாத்தான் இருக்கு. அப்ப நான் எதப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுவேன், சொல்லு?"

அவர் திருத்திய தாள்களை நான் அடுக்கி வைத்தேன்.

"தெனமும் சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்குனதும் தெருமுக்குல நின்னு பாப்பேன். வாசல்ல அவிய செருப்பு கெடந்தா நடப்பேன். நீங்க எல்லாரும் வந்துட்டாவ, வந்துட்டாவன்னு சொல்லுதீங்க. எனக்கு அவிய தெனமும்தான் வாராவ."

அதற்குப் பிறகு அவருக்கு நான் புத்தி சொல்லவில்லை. ஆனால் அக்கா இளைத்துப்போனார். வகுப்பு முடிந்து வந்தால் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறாரென்று நினைத்து நான் மெல்ல எழுந்தால், "தூங்கலட்டி" என்பார். லேபில் ஏதாவது கோளாறென்று யாராவது வந்து நின்றால் மட்டும்தான் கொஞ்சம் உயிர் வரும். அந்தக் கோளாறு என்னதான் மோசமானதாக இருந்தாலும் எங்கேயோ ஒரு வரியில் எழுதியிருக்கும், தேடினால் கிடைத்துவிடும் அல்லவா.

மகள் மதுரையில் கல்லூரி சேர்ந்து விடுதிக்குப் போன வருடம் அது. மதியம் லேப் வகுப்பு. ஆளுக்கொரு மடிக்கணினியில் மாணவிகள் வேலையாக இருந்தார்கள். நான் பின்வரிசையில் நின்றேன். வாசலில் நிழலாடியது. திரும்பிப் பார்த்தால் அக்கா வீட்டுக்காரர், தோளில் பை.

அக்கா வராந்தாவுக்குப் போனார். நான் உள்ளேயே நின்றேன். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. அவர் மெதுவாகப் பேசுகிறவர்தான், இருந்தும் எல்லாம் கேட்டது.

"நான் போறேன். போன தடவ மாதிரி இல்லாம, சொல்லிட்டுப் போவணும்னு வந்தேன்."

ஜன்னல் வழியாக அக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது.

"நீ கேட்டுக்கிட்டே இருந்தல்லா, ஏன் போனன்னு. சொல்லுதேன். உரக்கடைல எனக்கு வேல ஓடல. ஏன் ஓடலன்னு கேட்ட. உங்க அண்ணங்கிட்ட சரியாப் பேசல. ஏன் பேசலன்னு கேட்ட. சாயங்காலம் சும்மா உக்காந்திருந்தேன். ஏன் சும்மா உக்காந்திருக்கன்னு கேட்ட. நீ கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல. எனக்குத்தான் ஒண்ணுக்கும் பதில் தெரியாது. தெரியலன்னு சொன்னா நீ விட மாட்ட. அன்னைக்குக் காலைல கடைக்குப் போவுற வழில, சாயங்காலம் என்ன கேப்பன்னு நெனச்சேன். கோயம்புத்தூர் பஸ்ஸு நின்னுச்சு. ஏறிட்டேன்."

"இதான் காரணமா?"

"இதான்."

"திரும்ப ஏன் வந்தீங்க?"

"புள்ளையப் பாக்கணும்போல இருந்துச்சு. உன்னையும்தான். இப்ப அவ படிக்கப் போயிட்டா. வீட்ல நாம ரெண்டு பேர்தான். தெனமும் அதே கேள்வி. என்னால முடியல."

எனக்கு முன்னால் ஒரு மாணவி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"இத அப்பவே சொல்லியிருந்தா என்ன?" என்றார் அக்கா. குரல் உடையவில்லை. "சரி. எத்தன மணிக்கு பஸ்ஸு?"

உள்ளே வந்தார். கரும்பலகையில் பாதியில் விட்டிருந்ததை எழுதி முடித்தார். "மிச்சத்த நாளைக்குப் பாப்போம்" என்று மாணவிகளிடம் சொன்னார். என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "ஏட்டி, கோயில்பட்டி வரைக்கும் கூட வாரியா?" என்றார். என் வீடு கோவில்பட்டியில்தான். எப்படியும் நான் அந்த பஸ்ஸில்தான் போவேன். அது அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர் பின்னால் ஆண்கள் பக்கம் நின்றார். நாங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தோம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அக்கா கடைக்குப் போய்த் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கி வந்து அவர் பையில் வைத்தார். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் போட்டுக் கொடுத்தார். "போய்ச் சேந்ததும் புள்ளைக்குப் போன் பண்ணுங்க. எனக்கு வேண்டாம், அவளுக்குப் பண்ணுங்க. அவ கேட்டான்னா எங்கிட்ட சொன்னதையே சொல்லுங்க." அவர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. பஸ் கிளம்பித் திரும்பி மறைகிறவரைக்கும் அக்கா அதே இடத்தில் நின்றார்.

"பசிக்குதுட்டி," என்றார்.

பக்கத்தில் இருந்த ஹோட்டலுக்குள் போனோம். மூன்று தோசை சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கை கழுவி வந்து உட்கார்ந்தவர், காபி வருகிறவரைக்கும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேக்காம இருந்திருந்தா இருந்திருப்பாவளோ?"

"தெரியலக்கா," என்றேன்.

"எனக்கும் தெரியல," என்றார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் எட்டயபுரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாமென்று, வந்த வழியிலேயே மறுபடி அவரோடு பஸ் ஏறினேன். விளாத்திகுளம் பஸ். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. உழுது போட்டிருந்த கரிசல் இரண்டு பக்கமும் கறுத்துக் கிடந்தது. ஊரைத் தாண்டியதும் அவர் தலை சரிந்து என் தோளில் விழுந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அசையாமல், கனமாக, வருடக் கணக்கில் தூங்காதவர் போலத் தூங்கினார்.

எட்டயபுரத்தில் பஸ் நின்றது. நடத்துநர் எங்கள் பக்கம் வந்து, "எட்டயபுரம் டிக்கெட்டு எறங்கலையா?" என்றார்.

அக்காவைப் பார்த்தேன். அவர் வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை.

"இல்லண்ணாச்சி," என்றேன் மெதுவாக. "விளாத்திகுளத்துக்கு ரெண்டு குடுங்க."